விமான ஜன்னல்: இடப்பக்கமா, வலப்பக்கமா?

தில்லியிலிருந்து காத்மாண்டுவுக்குப் பறக்கும் விமானத்தில், வானம் தெளிந்திருக்கும் ஒரு நாளில், இடப்பக்க ஜன்னலில் அமர்ந்தவர் தவுளகிரி, அன்னபூர்ணா, மனாஸ்லு என 8,000 மீட்டரைத் தாண்டிய மூன்று சிகரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்கிறார். அதே வரிசையில் வலப்பக்க ஜன்னலில் இருப்பவருக்கு அந்த நேரம் முழுவதும் தெரிவது சமவெளியின் மேல் படிந்திருக்கும் மூட்டம் மட்டுமே. ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கும் பலர், அது எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதை யோசிப்பதில்லை. எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம் இது. இந்தப் பக்கம்தான் எப்போதும் சிறந்தது என்று ஒரே விடையாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் விடை தற்செயலானதும் அல்ல. பார்க்க வேண்டிய இடம் பறக்கும் பாதைக்கு எந்தப் புறம் இருக்கிறது, அந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கிறது, விமானம் எந்தத் திசையிலிருந்து தரையிறங்கப் போகிறது ஆகிய மூன்றையும் அறிந்தால், இருக்கையைப் பதிவு செய்யும்போதே பெரும்பாலும் சரியாகத் தீர்மானித்துவிடலாம்.

முதலில் எழுத்துகளைத் தெளிவாக்கிக்கொள்வோம். விமானத்தின் மூக்கைப் பார்த்து அமர்ந்திருக்கும்போது இடக்கைப் பக்கத்து ஜன்னல் ‘ஏ’. வலப்பக்க ஜன்னல், மூன்றும் மூன்றுமாக இருக்கைகள் கொண்ட சிறிய ஜெட் விமானங்களில் ‘எஃப்’. நடுவிலும் ஒரு தொகுதி உள்ள அகன்ற விமானங்களில் பெரும்பாலும் ‘கே’.

ஒரே நாட்டுக்குப் போகும் இரண்டு விமானங்களுக்குக்கூட விடை மாறும். தில்லியிலிருந்து வரும்போது விமானம் கிழக்கு நோக்கிப் பறப்பதால் வடக்கே இருக்கும் இமயமலை இடப்பக்கம் அமைகிறது. பாங்காக்கிலிருந்து அதே காத்மாண்டுவுக்கு வருபவர் மேற்கு நோக்கி வருகிறார். அவருக்கு மலை வலப்பக்கம். இங்கே இன்னொரு வேறுபாடும் உண்டு. எவரெஸ்ட் காத்மாண்டுவுக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே தில்லியிலிருந்து வருபவர் சரியான பக்கத்தில் அமர்ந்தாலும், அதைப் பார்த்தால் முன்னால் வெகு தூரத்தில்தான் பார்ப்பார். கிழக்கிலிருந்து வருபவருக்கோ கஞ்சன்ஜங்கா, மக்காலு, எவரெஸ்ட் என்று வரிசை அமைகிறது. காத்மாண்டுவிலிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகும் விமானத்தில் இடப்பக்கம் அமர்பவருக்கு இதே சிகரங்கள் எதிர் வரிசையில் வருகின்றன. 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டைக் காண்பதுதான் நோக்கம் என்றால், பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே எந்த வழித்தடம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நேராக மேலே பறப்பது நல்லதல்ல

பார்க்க வேண்டிய இடத்துக்கு நேர் மேலாக விமானம் பறந்தால் அதுவே சிறந்த வாய்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அது தவறு என்பது புரியும். விமானத்துக்கு நேர் கீழே இருப்பது இரு பக்கத்தாருக்குமே தெரியாது. 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது, 45 பாகை கீழ்நோக்கிப் பார்த்தாலும் கண் தரையைத் தொடும் இடம் பாதையிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். கழுத்தை வளைக்காமல் 30 பாகையில் பார்த்தால் அது ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அந்த உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனால் அதன் வெளிப்பகுதி முழுவதும் பெரும்பாலும் மூட்டத்தில் கரைந்துவிடும். ஆகவே ஒரு நகரம், ஏரி, ஆற்று முகத்துவாரம் போன்ற தரைக்காட்சி நன்றாகத் தெரிய வேண்டுமானால், அது பாதைக்கு 10 முதல் 40 கிலோமீட்டர் விலகி இருப்பதே உகந்தது என்பது என் கணிப்பு. மலைச் சிகரங்கள் இதற்கு விலக்கு. அவை மூட்டத்துக்கு மேலே தலை நீட்டி நிற்பதால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெளிவாகத் தெரியும்.

இதனால் விளையும் ஒரு முடிவு நடைமுறைக்குப் பயன்படும். பாதை ஒரு மலைக்கு அருகே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அங்குமிங்கும் மாறினால் பக்கமே மாறிவிடக்கூடும். தொலைவில் நீளும் மலைத்தொடருக்கோ அப்படிப்பட்ட சிறு மாற்றம் ஒரு பொருட்டல்ல. நைரோபியிலிருந்து டார் எஸ் சலாமுக்குத் தெற்கு நோக்கிச் செல்லும் பாதை 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவுக்குச் சற்றுக் கிழக்கே செல்வதால் மலை பெரும்பாலும் வலப்பக்கம் வருகிறது. இந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மறக்காமல் இருக்கையைப் பதிவு செய்ய வேண்டும். காத்மாண்டுவுக்குப் போகும் பாதையிலோ அந்தத் தயக்கமே தேவையில்லை, ஏனெனில் இமயமலை இடம் மாறிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

வெயில் பக்கமும் நிழல் பக்கமும்

குறிப்பிட்ட ஒரு மலையோ நகரமோ இல்லாத பயணங்களில் உண்மையான தேர்வு வெயில் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் இடையே நடக்கிறது. வட அரைக்கோளத்தின் நடு அட்சங்களில் நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். ஆகவே கிழக்கு நோக்கிப் பறந்தால் வலப்பக்கமும், மேற்கு நோக்கிப் பறந்தால் இடப்பக்கமும் வெயில் பக்கம். வடக்கு நோக்கிப் பறக்கும்போது முற்பகலில் வலப்பக்கமும் பிற்பகலில் இடப்பக்கமும் வெயில். தெற்கு நோக்கிப் பறந்தால் அதற்கு நேர் எதிர். தென் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால் கிழக்கு, மேற்குப் பயணங்களின் விடை தலைகீழாகும். காலையும் மாலையும் எங்கும் ஒன்றே. வெப்ப மண்டலத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கே வந்துவிடுவதால் அந்தச் சில மணி நேரங்களில் இரு பக்கங்களுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

பொதுவாக நான் நிழல் பக்கத்தையே பரிந்துரைப்பேன். அதற்குக் காரணம் கண் கூசாது என்பது மட்டுமன்று. சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும்போது நாம் பார்க்கும் நிலத்தின் ஒளிபட்ட முகமே நம்மை நோக்கி இருக்கிறது. மண்ணின் சிவப்பும் வயலின் பச்சையும் பனியின் வெண்மையும் தத்தம் நிறத்தில் தெரிகின்றன. வெயில் பக்கத்திலோ காற்றில் மிதக்கும் தூசியும் ஈரத்துளிகளும் ஒளியை நம் கண்ணை நோக்கிச் சிதறடிப்பதால் தொலைவு முழுவதும் வெளுத்துப் போகிறது. ஜன்னலின் பிளாஸ்டிக்கில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கீறல்கள் நேர் வெயில் பட்டவுடன் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கிக் காட்சியையே மறைத்துவிடும். இதற்காகப் போலராய்டு கண்ணாடி அணிந்துகொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜன்னல் பிளாஸ்டிக்கில் உள்ள அழுத்தத்தால் அந்தக் கண்ணாடி வழியே வானவில் நிறப் பட்டைகள் தோன்றும். கேமராவில் மாட்டும் போலரைசர் வடிகட்டிக்கும் இதே கதிதான்.

நிழல் பக்கத்துக்கே உரிய ஒரு காட்சியும் உண்டு. விமானம் மேகப் பரப்புக்கு மேலே பறக்கும்போது சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில், விமானத்தின் நிழலைச் சுற்றி, நிற வளையங்கள் தோன்றும். நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் உண்டாகும் இந்த ஒளிவட்டத்தின் மையம் எப்போதும் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரேதான் அமையும். ஆகவே நிழல் பெரிதாகத் தெரியும் அளவுக்கு மேகம் அருகில் இருந்தால், வளையத்தின் நடுவே நிழலின் எந்தப் பகுதி வருகிறது என்று பார்த்து, நாம் விமானத்தில் எங்கே அமர்ந்திருக்கிறோம் என்பதையே கண்டுகொள்ளலாம். வால் பக்கத்தில் இருப்பவருக்கும் மூக்குக்கு அருகே இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வளையங்கள் என்பதை முதன்முதலில் உணர்ந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

வெயில் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு வலுவான காரணம் உண்டு, அது நீர். ஆறுகள் கிளை பிரியும் முகத்துவாரங்கள், சதுப்பு நிலங்கள், ஏரிகள் நிறைந்த சமவெளிகள், நீர் கட்டி நிற்கும் வயல்கள் ஆகியவற்றின் மேல் பறக்கும்போது, சூரியனின் பிரதிபலிப்பு விமானத்தோடு கூடவே ஓடி வந்து, மரங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் சிறு ஓடையையும் ஒரு கணம் உருக்கிய உலோகம்போல ஒளிரச் செய்கிறது. நிழல் பக்கத்தில் இதே நிலம் பச்சையாகத் தெரியுமே தவிர அதற்குள் இவ்வளவு நீர் இருப்பது தெரியாது. நீர்நிலம் என்றால் வெயில் பக்கம், மலையும் பாலையும் என்றால் நிழல் பக்கம் என்பது என் முடிவு.

காலை, மாலை வேளைகள் தனி. அந்தி வேளையில் பெரும்பாலோர் சூரியன் மறையும் பக்கத்தையே விரும்புவார்கள், அது தவறில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தில், அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டையாகப் பூமியின் நிழல் எழுவதையும், அதற்கு மேலே இளஞ்சிவப்புப் பட்டை படர்வதையும் தரையிலிருப்பவர்களைக் காட்டிலும் தெளிவாகக் காணலாம். குறுகிய பயணமாக இருந்தால் நான் இந்தப் பக்கத்தையே எடுப்பேன். உயர் அட்சங்களில் மேற்கு நோக்கிய நீண்ட பயணமாக இருந்தால் சூரியன் மறையும் பக்கத்தையே பரிந்துரைப்பேன். 60 பாகை அட்சத்தில் பூமியின் சுழற்சி வேகம் மணிக்கு ஏறத்தாழ 835 கிலோமீட்டர். ஒரு பெரிய ஜெட் விமானமும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேற்கே பறப்பதால், சூரியன் அடிவானத்தில் மணிக்கணக்கில் தயங்கி நிற்கும்.

காட்சியும் ஒளியும் முரண்படும்போது

இமயமலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு அமைந்திருக்கிறது: மலை வடக்கே, சூரியன் தெற்கே. காட்சியும் நல்ல ஒளியும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுவதால் தேர்வில் சிக்கலே இல்லை. ஆண்டிஸ் மலையில் அப்படியில்லை. சிலியின் சாந்தியாகோவிலிருந்து புவெனஸ் ஐரிசுக்குக் கிழக்கு நோக்கிப் பறக்கும்போது 6,961 மீட்டர் உயரமுள்ள அகோன்காகுவா பெரும்பாலும் வடக்கே, அதாவது இடப்பக்கம் அமைகிறது. அது தென் அரைக்கோளம் என்பதால் நண்பகல் சூரியனும் வடக்கேதான். மலையின் நிழல் முகமே நமக்குத் தெரியும்; கண்ணும் கூசும். அப்படியானால் வலப்பக்கம் அமர்ந்து, நன்றாக ஒளி பட்ட, பெயர் தெரியாத சிகரங்களைப் பார்ப்பதா, இடப்பக்கம் அமர்ந்து மங்கலான அகோன்காகுவாவைப் பார்ப்பதா?

கண்ணால் பார்ப்பவர் இடப்பக்கத்தை எடுக்க வேண்டும் என்பேன். கண் எதிர்வெயிலோடு ஒருவாறு ஒத்துப்போகும். மலையின் உருவமும் பேரளவும் எதிரொளியில் குறைவதில்லை. படம் எடுப்பதையே முதன்மையாகக் கருதுபவர் வலப்பக்கத்துக்குப் போகலாம், அல்லது விமானம் புறப்படும் நேரத்தையே மாற்றிக்கொள்ளலாம். நேரத்தை மாற்றுவதன் பலனுக்கு அமெரிக்காவின் மேற்குக் கரை நல்ல எடுத்துக்காட்டு. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டிலுக்கு வடக்கு நோக்கிச் செல்பவருக்கு 3,429 மீட்டர் உயர ஹூட், 4,392 மீட்டர் உயர ரெய்னியர் ஆகிய எரிமலைகள் வலப்பக்கம் வருகின்றன. காலை விமானத்தில் சூரியனும் கிழக்கே இருப்பதால் அவை நீலநிறக் கோட்டுருவங்களாக மட்டுமே தெரியும். பிற்பகல் விமானத்திலோ மேற்கு வெயில் முழுவதும் அவற்றின் முகத்தில் விழுகிறது. இருக்கை ஒன்றே, ஜன்னல் ஒன்றே. புறப்படும் நேரத்தால் காட்சி வேறாகிவிடுகிறது. 1980ஆம் ஆண்டு வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் மலையும் இதே பாதையில் வருகிறது. அந்த வெடிப்பு வடக்குச் சரிவையே பெயர்த்துச் சென்றதால், அதைக் கடந்த பிறகு சற்றுப் பின்னோக்கித் திரும்பிப் பார்ப்பவருக்கே பிளந்த வாய் தெரியும். இதற்கு இறக்கைக்குப் பின்னால் உள்ள இருக்கை உதவும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தரையிறங்கும் கடைசி அரை மணி நேரம்

பறக்கும் பாதையை மட்டும் ஆராய்ந்து இருக்கையைத் தேர்ந்தெடுப்பவர்கள் தவறவிடும் பகுதி இதுவே. நகரங்களைப் பொறுத்தவரை, உயரத்தில் பறக்கும் மூன்று மணி நேரத்தைவிடத் தாழ்ந்து வரும் அரை மணி நேரம் மதிப்பு மிக்கது. விமானம் கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்குகிறது; ஓடுபாதைக்கு 19 கிலோமீட்டர் முன்னால் அதன் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். தெருக்களும் பாலங்களும் தனித்தனியாகத் தெரியும் உயரம் அது. ஆனால் எந்தப் பக்கம் எது தெரியும் என்பதை அன்றைய காற்று தீர்மானிக்கிறது, ஏனெனில் விமானங்கள் காற்றை எதிர்த்தே தரையிறங்குகின்றன.

ஜெனீவா விமான நிலையத்தின் ஓடுபாதை தென்மேற்குக்கும் வடகிழக்குக்குமாகக் கிடக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் விமானம் வடகிழக்கிலிருந்து, ஏரியை ஒட்டி இறங்குகிறது. அப்போது ஏரியும் ஆல்ப்ஸ் மலையும் இடப்பக்கம். காற்று திரும்பினால் விமானம் எதிர்முனையிலிருந்து இறங்கும்; ஆல்ப்ஸ் வலப்பக்கம் போய்விடும், இடப்பக்கத்தாருக்கு ஜூரா மலை மிஞ்சும். இலண்டன் ஹீத்ரோவில் நிலைமை சற்று உறுதியானது. அங்கே ஆண்டின் ஏறத்தாழ 70 விழுக்காடு நேரம் விமானங்கள் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி இறங்குகின்றன. அப்போது தேம்ஸ் ஆறும் டவர் பிரிட்ஜும் நாடாளுமன்றமும் வலப்பக்கம் விரிகின்றன. மீதி 30 விழுக்காட்டில் விமானம் மேற்கிலிருந்து வருவதால் நகரின் மையப்பகுதி எந்தப் பக்கத்திலும் அப்படிக் கிடைப்பதில்லை. ஆக, ஹீத்ரோவுக்கு வலப்பக்கம் என்பது ஏமாற்றம் குறைந்த தேர்வு. ஜெனீவாவுக்கோ முந்தைய நாள் வானிலை முன்னறிவிப்பில் காற்றின் திசையைப் பார்த்து, செக்-இன் செய்யும்போது இருக்கையை மாற்றிக்கொள்வதே அறிவு.

ஓடுபாதையின் எண்ணைத் தெரிந்துகொண்டால் இதைக் கணக்கிடுவது எளிது. அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் விமானம் இறங்கும் திசை பாகையில் கிடைக்கும்: 27 என்றால் 270 பாகை, அதாவது மேற்கு நோக்கி, 09 என்றால் கிழக்கு நோக்கி.

இரவுப் பயணம்

இரவில் சூரியன் இல்லாததால் தேர்வு எளிதாகிவிடும் என்று நினைக்கலாம், பாதி சரி. நகர விளக்குகளுக்குத் தரையிறங்கும் பக்கமே முக்கியம். ஆனால் வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் பெரும்பாலும் இரவில் பறப்பதால் அவற்றில் வடதுருவ ஒளியைக் காணும் வாய்ப்பு உண்டு. கிழக்கு நோக்கிய பயணம் என்பதால் வடக்கு இடப்பக்கம். இங்கே இடப்பக்கத்தைத் தவிர வேறு எதையும் நான் எடுக்க மாட்டேன். திரும்பி வரும் மேற்குநோக்கிய விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறக்கின்றன; கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மேலாகச் செல்லும் பாதையாக இருந்தால், தெற்குச் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலப்பக்கம் அமர்வது நல்லது. அட்லாண்டிக்குக்கு மேலான பாதைகள் உயரக் காற்றோட்டத்தைப் பொறுத்து நாள்தோறும் மாற்றியமைக்கப்படுவதால் கிரீன்லாந்து உறுதியன்று. கடலே தெரிந்தாலும் மனம் தளரக் கூடாது. இரவில் எந்தப் பக்கமாக இருந்தாலும், போர்வையைத் தலையோடு சேர்த்து ஜன்னலின் மேல் போர்த்திக்கொண்டு உள்விளக்கின் பிரதிபலிப்பை மறைத்து, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும்.

முன்னாலா, பின்னாலா?

பக்கத்தைச் சரியாகத் தேர்ந்துவிட்டு இறக்கையின் மேல் அமர்ந்தால் பாதிப் பயன் போய்விடும். இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளே சிறந்தவை. பின்வரிசைகளில் கீழ்நோக்கிய பார்வை இருந்தாலும், இறக்கைக்கு அடியில் எந்திரம் பொருத்திய விமானங்களில் அதன் வெப்பப் புகை காட்சியை நடுங்கச் செய்யும்; கண்ணால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்ளலாம், படத்தையோ அது கெடுத்துவிடும். ஏடிஆர், டாஷ் 8 போன்ற, இறக்கை மேலே அமைந்த டர்போபிராப் (சுழல்விசிறியால் இயங்கும்) விமானங்களில் இந்தக் கவலை மிகக் குறைவு. அவை தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பதால் காட்சி விரும்பிகளுக்கு அவற்றைவிட நல்ல வாகனம் இல்லை என்பேன். சில விமானங்களில் ஒரு வரிசைக்கு ஜன்னலே இல்லாமல் வெறும் சுவர் இருக்கும். போயிங் 737 வகைகள் சிலவற்றில் இறக்கைக்குச் சற்று முன்னால் காற்றுக்குழாய் செல்லும் இடத்தில் இப்படி அமைகிறது. அந்த விமானத்தின் இருக்கை வரைபடத்தைப் பார்க்காமல் பணம் கொடுத்து இருக்கையை வாங்க வேண்டாம்.

இவ்வளவையும் ஒவ்வொரு பயணத்துக்கும் தலையில் கணக்கிட வேண்டியதில்லை. பிளைட்ரேடார்24, பிளைட்அவேர் போன்ற தளங்களில் உங்கள் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்கள் அது பறந்த பாதை கோடாகத் தெரியும். நான்கைந்து நாட்களின் கோடுகளை ஒப்பிட்டால், மலைக்கு எந்தப் புறம் போகிறது, எந்த முனையிலிருந்து இறங்குகிறது என்ற இரண்டும் விளங்கிவிடும். கோடுகள் ஒன்றுபோல இருந்தால் துணிந்து பதிவு செய்யலாம். சிதறிக் கிடந்தால், இடம் பற்றிய ஆசையை விட்டுவிட்டு ஒளியை மட்டும் நம்பி நிழல் பக்கத்தை எடுக்கலாம். திரும்பும் பயணத்துக்கு இதே வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். போகும்போது இடப்பக்கம் என்றால் வரும்போது வலப்பக்கம் என்று எண்ணி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். திரும்பும் விமானம் அந்த மலையின் மறுபுறமாகச் சென்றது, நான் இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதிவு செய்த பிறகும் பயணத்துக்கு முந்தைய நாள் ஒருமுறை இருக்கையைச் சரிபார்த்துவிடுங்கள். விமானத்தின் வகை மாற்றப்பட்டால் இருக்கைகள் தானாகவே மாற்றி ஒதுக்கப்படும். அப்போது ஜன்னல் கிடைத்தாலும் பக்கம் மாறியிருக்கலாம். அந்த நேரத்தில் இன்னும் காலியாக இருக்கும் ஜன்னல்களில், இறக்கைக்குப் பின்னால் சரியான பக்கத்தில் இருப்பதும் முன்னால் தவறான பக்கத்தில் இருப்பதும்தான் மிஞ்சியிருந்தால், தயங்காமல் பின்னால் போய் அமருங்கள்.